மூன்றாவது வேணாம்

"ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று லிஃப்டில் நான் சொன்னது வாய் வார்த்தைக்கு. பக்கத்து ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வெளிநாட்டுத் தம்பதி. ஹைதராபாத் கொண்டாப்பூரில் நான் கெமிஸ்ட்ரி எடுக்கும் அதே பள்ளிக்கு அவர்களும் ஆசிரியர்களாக வந்திருந்தார்கள். எங்கள் மாடி வரும்வரை எதையாவது பேச வேண்டுமே என்று சொல்லிவைத்தேன். அந்த அபார்ட்மெண்டில் பாதிப்பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், அவர்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போனதில்லை. அதனாலேயே எல்லோரும் சுமுகமாக இருந்தோம். இந்தப் பெண் மட்டும், "எந்த நாள்?" என்று கேட்டாள்.

லிஃப்டுக் கதவு திறந்துவிட்டது. அவள் இறங்காமல் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை என்று உளறிவிட்டேன். எத்தனை மணிக்கு என்றாள். பன்னிரண்டரை வாக்கில் என்றேன். அந்த 'வாக்கில்' அவள் காதில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பன்னிரண்டரைக்கு அழைப்புமணி அடித்தபோது என் கணவர் பனியனோடு நின்றுகொண்டிருந்தார், என் தலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது, ரசத்துக்குத் தாளிக்கவில்லை. வாசலில் இரண்டு பேரும் இஸ்திரி போட்ட உடுப்போடு, கையில் ஒரு துளசித் தொட்டியோடு நின்றார்கள். சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். அவர்கள் ஊரிலும் வீட்டுக்குள் செருப்புக் கிடையாதாம். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சாப்பாட்டு மேஜையில் இன்னொரு கூத்து. "ஒண்ணுமே பண்ணல, ஏதோ இருக்கறத வெச்சு..." என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கூட்டு, பொரியல், அப்பளம், வடை என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, இதெல்லாம் நீதானே செய்தாய் என்று கவலையோடு கேட்டாள். எனக்கு ஞாபகமறதி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. போதும் என்று அவள் சொன்ன பிறகும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். போதும் என்ற பிறகு ஒரு கரண்டியாவது வைக்காவிட்டால் அது எங்கள் விருதுநகர்ப் பக்கம் உபசாரத்திலேயே சேராது. "நான் போதும் என்றேனே" என்றாள். கோபமில்லை, நிஜமான சந்தேகம்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் சொன்னதுதான். ஊர் பின்லாந்து. அங்கே ஒருவரைக் காபிக்குக் கூப்பிட்டால் கூப்பிட்டதுதானாம். சும்மா கூப்பிட்டுவைப்பது என்று உலகத்தில் ஒன்று இருப்பதே ஹைதராபாத் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் எனக்கு எல்லாம் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த தமிழில் அவள் உருப்படியாகப் பிடித்துக்கொண்டது, வேணும், வேணாம், நெசமாவா. ஒவ்வொரு சொல்லையும் முதலெழுத்தின் தலையில் குட்டி ஆரம்பிப்பாள். 'நெ' கணீரென்று விழும், 'சமாவா' பின்னாலேயே ஓடி வரும்.

பள்ளியில் அவள் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர். அவள் கணவர் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு. அவள் விடிவதற்கு முன்பே எழுந்து, பொட்டானிகல் கார்டனில் நடந்துவிட்டு, வழியில் யார் எதை விற்றாலும் வாங்கி வருவாள். ஒருநாள் கோங்கூராக் கீரை, ஒருநாள் சீதாப்பழம், ஒருநாள் பல்துலக்கும் வேப்பங்குச்சி. அதை ஒரு வாரம் நிஜமாகவே மென்றாள். குக்கர் விசில் அடித்தால் இரண்டு பேரும் ஹாலுக்கு ஓடிவிடுவார்கள். மே மாதம் ஊரே ஏசிக்குள் பதுங்கிக் கிடக்கும் மத்தியானத்தில் இருவரும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வியர்ப்பார்கள். எங்கள் ஊரில் இதற்காக வீட்டுக்குள் தனி அறை கட்டி அடுப்பு மூட்டுவோம், இங்கே சும்மா கிடைக்கிறது என்று அவள் குதூகலித்தாள். தண்ணீர் லாரி வந்தால் கைதட்டுவாள். கரண்ட் போனால் கைதட்டுவாள், வந்தாலும் கைதட்டுவாள். நான் வருஷக்கணக்காகச் சலித்துக்கொண்டிருந்த ஊர் அவள் வந்து சேர்ந்ததும் திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

பள்ளியில் எங்கள் தெலுங்கு ஆசிரியர், நல்ல மனுஷர், டிபன்பாக்ஸைத் திறந்ததும் அறையைப் பார்த்து, "ரண்டி மேடம், திந்தாம்" என்பார். வாருங்கள் சாப்பிடலாம் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும், நீங்க சாப்பிடுங்க சார் என்று தலையாட்டுவோம். தினமும் நடக்கும் சடங்கு. இவள் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நன்றி என்று சொல்லி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பாதி புளியோதரை காலி. அவர் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு நான் அதுவரை பார்த்திராத ஒரு சந்தோஷம். இத்தனை வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறார், ஒரு ஆள்கூட வந்ததில்லை. மறுநாளிலிருந்து இரண்டு டப்பா கொண்டுவர ஆரம்பித்தார்.

எங்கள் பிரின்சிபால் முதல் மீட்டிங்கில், என் அறைக் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும் என்றார். இவள் தினமும் போனாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதற்குப் பரீட்சை, எதற்கு இவ்வளவு வீட்டுப்பாடம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு விஷயம். கடைசியில் பிரின்சிபால் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகினார். கதவு சாத்தியிருக்கிறதே, அவருக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று என்னிடம் விசாரித்தாள்.

தினமும் அவர்களைப் பள்ளியில் விடும் ஆட்டோக்காரர் தங்கைக்குக் கல்யாணம். "ஆனா ஜரூர், மேடம்" என்று, அதாவது கண்டிப்பாக வந்துவிடுங்கள் என்று, வாய்நிறையச் சொல்லியிருக்கிறார். ஜோடியாகப் போய் நின்றார்கள், பழைய ஊருக்குள் எங்கேயோ ஒரு ஃபங்க்ஷன் ஹாலில். நான்தான் பயந்துகொண்டிருந்தேன், அந்த ஆள் திருதிருவென்று விழிக்கப் போகிறார் என்று. மறுநாள் கை நிறைய மெஹந்தியோடு வந்தாள். மணப்பெண் பக்கத்திலேயே உட்காரவைத்து விட்டார்களாம். அவளுடைய கணவருக்கு யாரோ ஷெர்வானி மாட்டிவிட்டு, பிரியாணித் தட்டைச் சுற்றி நான்கு பேராக உட்காரவைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்திருக்கிறார்கள். போகக் கூடாது என்று நினைத்தாயா, கூப்பிட்டார்களே என்றாள். பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு பழைய ஊர்க் கல்யாணத்துக்குப் போனதில்லை.

அவள் கணவர் பேசுகிற ஆள் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். ஹைதராபாத் வந்து அவருக்குப் புதையல் மாதிரி இரண்டு சொற்கள் அகப்பட்டன. தக்கனி உருதுவில் 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். அது போதும் அவருக்கு. டீ வேண்டுமா? ஹவ். சர்க்கரை? நக்கோ. கணக்கு சரியா சார்? ஹவ். வகுப்பில் பிள்ளைகள் அவர் வாயிலிருந்து நக்கோ வரவழைப்பதற்காகவே தப்பாகக் கணக்குப் போட்டார்கள். தராசில் வைத்த மாதிரி ஒரு ஹவ், ஒரு நக்கோ. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது பதுக்கம்மா பூப்பண்டிகை சமயத்தில். அபார்ட்மெண்ட் முற்றத்தில் பூக்கோபுரத்தை நடுவில் வைத்துப் பெண்கள் கைதட்டிச் சுற்றி ஆடினோம். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் சுற்றினாள். சிரித்ததில் நான் ஈரப் பூவை மிதித்து வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விரிசல் விட்டது. மாவுக்கட்டு போட்டாயிற்று. கணவர் ஆபீஸ் வேலையாகப் புனேயில். பையன் வேலூரில் ஹாஸ்டலில். வாசலில் அவள் வந்து நின்று, "சாப்பாடு வேணுமா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"வேணாங்க, பரவாயில்ல" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போயே போய்விட்டாள். நான் ஒற்றைக் காலில் நொண்டி ரொட்டியில் ஜாம் தடவித் தின்றேன். சுவருக்கு அந்தப்பக்கம் இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் வேணாம் என்றேன், மறுநாளும் சரி என்று போய்விட்டாள். இவளுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று புனேக்கு ஃபோன் போட்டுப் புலம்பினேன். என் கணவர், "நீதானடி வேணாம்னு சொன்ன?" என்றார். அவரோடும் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

பள்ளியில் இவள் தெலுங்கு ஆசிரியரிடம், என் தோழிக்குப் பசிக்கவே இல்லை, நல்லவேளை என்று சொல்லியிருக்கிறாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு பாடம் எடுத்திருக்கிறார். மேடம், எங்கள் தெலுங்கில் 'வத்து' என்றாலும் சரி, அவர்கள் தமிழில் 'வேணாம்' என்றாலும் சரி, முதல் தடவை சொல்வது மரியாதைக்கு. இரண்டாம் தடவை கூச்சத்துக்கு. மூன்றாம் தடவை சொன்னால்தான் அது நிஜமான வேண்டாம்.

சாயங்காலம் அழைப்புமணி. நொண்டிப் போய்த் திறந்தேன். கையில் மூடிபோட்ட பாத்திரத்தோடு நின்றவள் மூச்சுவிடாமல், "வேணுமா வேணுமா வேணுமா?" என்றாள்.

அப்படிச் சிரித்து எனக்குப் பல வருஷமாகியிருந்தது. அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "வேணும்" என்றேன். உள்ளே வந்து உருளைக்கிழங்கு சூப்பைப் பரிமாறினாள். உப்பு காரம் எதுவும் இல்லாத சூப். அமிர்தம் என்று சொல்ல வாயெடுத்து, உப்பு இல்லை என்று சொன்னேன். சந்தோஷமாகப் போய் உப்பை எடுத்துவந்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து ஒன்று சொன்னாள்.

"மூணு தடவை கேட்க எனக்கு நேரம் இருக்கு. ஆனா மூணாவது தடவையும் நீ நிஜத்தைச் சொல்லலைன்னா, நான் உன்னை எங்கே போய்த் தேடுவேன்?"

அதற்குப் பிறகு அவளிடம் நான் வேணும் என்றால் வேணும், வேணாம் என்றால் வேணாம். அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா, தெரியாது. தலைவலிக்கிறது, இன்றைக்குப் பேசாதீங்க என்று ஒருத்தியிடம் சொல்லலாம். எனக்கு அழவேண்டும்போல இருக்கிறது, வாங்க என்றும் சொல்லலாம். கால் சரியானதும் மெட்ரோ பிடித்து அமீர்பேட்டுக்கு இரண்டு பேருமாகப் போய், கோச்சிங் வகுப்புப் பையன்கள் கூட்டத்தில் இடிபட்டு மிளகாய் பஜ்ஜி தின்றோம். வேலை பார்க்கிற இடத்தில் தெரிந்தவர்கள் உண்டு, அபார்ட்மெண்டில் தெரிந்தவர்கள் உண்டு. சிநேகிதி என்று ஒருத்தி எனக்கு அதுவரை இந்த ஊரில் இல்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு கிடைத்தாள். நான் பள்ளிக்கூடப் பெண் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் அவள் பாடத்தை ஊருக்கே அமல்படுத்திவிட்டாள். தண்ணீர் கேன் போடுகிறவரிடம் டீ வேணுமா என்று மூன்று தடவை. வாட்ச்மேனிடம் மூன்று தடவை. வாட்ச்மேன் முதல் தடவையே வேணும் என்று சொல்லிவிட்டால் குழம்பிப்போய் இன்னும் இரண்டு தடவை கேட்பாள்.

மார்ச்சில் அவர்கள் ஒப்பந்தம் முடிய இருந்தது. மேலும் இரண்டு வருஷம் இருக்கிறீர்களா என்று பள்ளியில் கேட்டார்கள். அவள் மாடிப்படியில் ஓடி வந்தாள், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "இரண்டு வருஷம்! அவரும் சரின்னுட்டார்!" நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து வராந்தாவில் குதித்ததைப் பார்த்து எதிர் ஃபிளாட்டில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கொண்டாட்டத்துக்கு அவர்கள் பால்கனியில் டீ. அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அடுத்த பதுக்கம்மாவுக்கு நேர்த்திசையில் ஆட வேண்டும், தமிழ் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கள் ஊருக்கு வந்து புரோட்டா சாப்பிட வேண்டும். கணவர் பக்கம் திரும்பி, சரிதானே என்றாள்.

"ஹவ், ஹவ்" என்றார் அவர்.

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவர் எப்போதும் ஒரு ஹவ்தான் சொல்வார். இரண்டாவது ஹவ் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டில் சப்பாத்தி ஆசையோடு வந்த என் கணவர், தோசைதான் என்று தெரிந்ததும், "சரி சரி, தோசையே போதும்" என்பாரே, அந்த இரண்டாவது 'சரி' அது. நிஜமான சம்மதம் ஒரு தடவைதான் வரும். பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கொஞ்ச நாளாகவே அவர் பால்கனியில் வியர்க்க உட்காருவதில்லை. ஸ்டாஃப் ரூமில் இடைவேளைதோறும் ஃபோனில் தன் ஊர் வானிலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தன் பாஷையில் பேச இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவளும் இப்போது வாய் ஓயாமல் எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பொய்யே தெரியாத ஊரிலிருந்து வந்த மனுஷன் எங்கள் உபசாரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். அவளோ யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு என் சிநேகிதி இன்னும் இரண்டு வருஷம் கிடைப்பாள். அந்த இரண்டு வருஷத்தை நினைத்து மூடிக்கொண்டுதான் இருந்தேன். கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்தின நாள் ஆட்டோவில் கணவரை மட்டும் அனுப்பிவிட்டு என்னோடு ஸ்கூல் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, விருதுநகருக்கு எந்த ரயில் என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரர இன்னும் ரெண்டு தடவை கேளுங்க" என்றேன்.

புரியவில்லை அவளுக்கு. விளக்கினேன். அவர் சொன்னது முதல் ஹவ், அது மரியாதைக்கு. அவள் முகம் சிவந்துவிட்டது. அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்றாள். பொய் இல்லை, உங்கள் சந்தோஷத்துக்காகச் சொல்கிறார் என்றேன். நாங்கள் போகவேண்டும் என்று நினைக்கிறாயா என்றாள். இல்லை, நீங்கள் போனால் எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை, அதனால்தான் சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்று என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்வரை திரும்பவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினாள். கண் வீங்கியிருந்தது. "இரண்டாவது தடவையும் ஹவ் சொன்னார். மூணாவது தடவை பதில் சொல்லலை. அழுதுட்டார்" என்றாள். பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து அவளும் அழுதாள். இத்தனை நாள் நான் ஒரு தடவை கூடத் திரும்பிக் கேட்கவில்லையே என்றாள். காபி வேணுமா என்று கேட்டேன். வேணும் என்றாள், முதல் தடவையே.

ஏப்ரல் கடைசியில் கிளம்பினார்கள். ஊரே வழியனுப்பியது. தெலுங்கு ஆசிரியர் புளியோதரை கட்டிக் கொடுத்தார். விமான நிலையத்துக்குத் தன் ஆட்டோவில்தான் வரவேண்டும் என்று ஆட்டோக்காரர் பிடிவாதம் பிடித்தார். அவ்வளவு பெட்டியும் அதில் ஏறாது என்று கடைசியில் பெரிய வண்டி ஒன்று அவரே பிடித்துவந்தார். அவளுடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ஒரு முழு வாக்கியம் பேசினார். "நீங்க எனக்காகப் பேசினீங்க, நான் மறக்கமாட்டேன்." பிறகு போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். அதைப் பார்த்தபோது நான் செய்தது சரிதான் என்று பட்டது.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு, தமிழில் விடைபெறுவது எப்படி, இதுவரை அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே என்று கேட்டாள். "போயிட்டு வரேன்னு சொல்லணும்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்றாள். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம் என்றேன்.

அவள் யோசித்தாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். என் கணவர் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து நின்றார். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அதைச் சொல்ல முடியாது" என்றாள். "திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியலை."

சும்மா சொல்லுங்க, எல்லோரும் சொல்வதுதான் என்றேன். உன்கிட்டயா சும்மா சொல்லச் சொல்கிறாய் என்று கேட்டாள். பிறகு என் தோள்களைப் பிடித்து நேராக நிறுத்தி, தெரிந்த தமிழை எல்லாம் சேர்த்து, தெளிவாகச் சொன்னாள்.

"நான் போறேன்."

என் கணவர் அதிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் வீடுகளில் வாசலில் நின்று யாரும் சொல்லாத வார்த்தை அது. சின்னப் பிள்ளை சொல்லிவிட்டால்கூட வாயில் அடித்து, வரேன்னு சொல்லு என்று திருத்துவோம். நானும் திருத்த வாயைத் திறந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, போங்க" என்றேன்.